கீழே நிற்கும் ஆள்

கொல்லிமலைக்கு மாற்றல் என்று தெரிந்த அன்று, பழைய அலுவலகத்தில் ஒருவர் என் மேசைக்கு வந்து, "என்ன மேடம், யாரைப் பகைச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டார். நான் யாரையும் பகைத்துக்கொள்ளவில்லை. அந்த அலுவலகத்தில் பகைத்துக்கொள்வதற்குக்கூட முதலில் ஒருவரோடு ஒருவர் பேச வேண்டும். நாங்கள் பேசுவதில்லை.

நான் மின் பொறியாளர். ஊர்களுக்குப் போகும் மின்கம்பிகளையும் கம்பங்களையும் பார்த்துக்கொள்ளும் பிரிவில் வேலை. பிறந்தது டெல்டா பக்கம், நெல் வயலும் சமதரையுமான ஊர். மலைக்கு வருவதற்கு முன் கீழே ஒரு பெரிய டவுனில் இருந்தேன். அங்கே எங்களுக்குப் புது வண்டி இருந்தது, புதுக் கருவிகள் இருந்தன, ஆட்களும் போதிய அளவு இருந்தார்கள். ஆனால் எங்காவது கம்பி அறுந்தால் அலுவலகத்தில் எழும் முதல் கேள்வி "எங்கே?" அல்ல, "யாரால?" என்பதுதான். அதனால் எல்லோரும் காலையில் வந்ததிலிருந்து தங்களைக் காப்பாற்றிக்கொள்வதிலேயே பாதித் தெம்பைச் செலவழித்தோம். ஒருமுறை குழுவாக வேலை செய்வது எப்படி என்று ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு பின்பக்கமாகச் சாய வேண்டும், பின்னால் நிற்பவர் தாங்கிப் பிடிக்க வேண்டும். என்னைத் தாங்கிப் பிடித்தவர்தான் அடுத்த வாரம் நான் அரை மணி நேரம் முன்னால் கிளம்பியதை மேலிடத்தில் சொன்னவர். நன்றாகத்தான் பிடித்தார், அதைக் குறை சொல்ல முடியாது.

மலையில் எங்கள் அலுவலகம் ஒரு சின்னக் கட்டடம். பக்கத்தில் பலாமரம். நான் போய்ச் சேர்ந்த காலையில் வாசலில் இரண்டு பேர் சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரான்ஸ்ஃபார்மரில் அடிக்கடி ஃபியூஸ் போகிறது, ஏன் என்பதுதான் சண்டை. ஒருவர் மரக்கிளை என்றார். இன்னொருவர் மரமே இல்லாத இடத்தில் கிளை எங்கிருந்து வரும், லோடு அதிகமானதுதான் காரணம் என்றார். அவர்களுக்கு நடுவில் ஒல்லியாக ஒருவர் கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே ஒரு பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு, சத்தத்தைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் யார் என்று சொன்னேன். "வாங்க மேடம், உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

பெரிய தலைவலியாக இருக்கும்போல என்று நினைத்தேன். ஆனால் கொஞ்ச நேரத்தில் சண்டை போட்ட இருவரும் ஒரே பைக்கில் ஏறிப் போனார்கள். மத்தியானத்துக்குள் கரண்ட் வந்துவிட்டது. காரணம் கிளையும் இல்லை, மற்றவர் சொன்னதும் இல்லை, ஓர் ஓணான். திரும்பி வந்து அதையும் சொல்லிச் சிரித்தார்கள்.

அந்த நாலு பேர்தான் எங்கள் குழு. கன்னத்தில் கைவைத்துக் கேட்டவர் ஃபோர்மேன், ராசிபுரத்துப் பக்கம், அளந்துதான் பேசுவார். சண்டை போட்டவர்கள் இருவரும் வயர்மேன்கள். ஒருவர் மலைக்காரர், வாழவந்தி நாடு என்ற மலைப்பகுதியில் சொந்தமாக மிளகும் மரவள்ளியும் போட்டிருப்பவர். மற்றவர் சேந்தமங்கலத்திலிருந்து தினமும் வளைவுகளில் பைக்கில் ஏறி வருபவர். சர்ச்சில் பாடுகிறவர், அதனால் சாதாரணமாகப் பேசினாலும் பின்வரிசை வரை கேட்கும். உள்ளே இருந்த பெண் அலுவலக உதவியாளர். புகார் போன் முழுக்க அவர் பொறுப்பு. கரண்ட் இல்லை என்று எவ்வளவு கோபமாகக் கூப்பிட்டாலும், "சித்த நேரம் பொறுங்க சாமி, உங்க ஊருக்குத்தான் ஆளு வந்துட்டிருக்குது" என்று அவர் சொல்லும்போது எதிர்முனையில் குரல் இறங்குவது எனக்கே கேட்கும்.

வேலைக்கு வந்து சில வாரங்களில் எனக்கு ஒரு விசித்திரமான பழக்கம் வந்தது. காலையில் அலுவலகம் போக ஆசையாக இருந்தது. இதற்கு முன் எனக்கு அப்படி இருந்ததில்லை. ஆட்கள் குறைவு, வண்டி பழசு, மழைக்காலத்தில் மரம் விழாத நாளே இல்லை. ஆனாலும் வேலை நடந்தது, சிரித்துக்கொண்டே நடந்தது. ஒன்று ஓடவில்லை என்றால் ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிப்பது என் தொழில். ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று ஏன் ஓடுகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு யாரும் கற்றுத்தரவில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற அரிப்பு பிடித்துக்கொண்டது.

முதலில், இவர்கள் நெருங்கிய நண்பர்களாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். அது தப்பு என்று மத்தியானச் சாப்பாட்டிலேயே தெரிந்தது. மலைக்காரர் சாப்பிட வீட்டுக்குப் போய்விடுவார். சேந்தமங்கலத்துக்காரர் பைக் சீட்டில் டிபன் பாக்ஸை வைத்துத் தனியாகச் சாப்பிடுவார். ஃபோர்மேன் நாலு வாய் தின்றுவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். உதவியாளர் அம்மா கணவரின் கடைக்குப் போய்விடுவார். சேர்ந்து சாப்பிட வைத்தால் இன்னும் நன்றாக இருக்குமே என்று எனக்கு யோசனை வந்தது. ஃபோர்மேனின் பிறந்தநாளைத் தெரிந்துகொண்டு, சேந்தமங்கலத்துப் பேக்கரியில் கேக் சொல்லி பஸ்ஸில் வரவழைத்தேன். வளைவு வளைவாக ஏறி வந்ததில் கேக் பெட்டியின் ஒரு மூலையில் போய்க் குவிந்திருந்தது. எல்லோரும் நின்றுகொண்டு, மரியாதைக்கு ஆளுக்கொரு கரண்டி சாப்பிட்டார்கள். ஃபோர்மேன் நெளிந்தார். கடைசியில் மலைக்காரர்தான் சொன்னார்.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. வேலைக்குத்தானுங்க ஒண்ணா இருக்கறோம். சோத்துக்கு அவங்கவங்க ஊட்ல ஆளிருக்குது."

அதோடு கேக் யோசனையை விட்டுவிட்டேன்.

ஃபோர்மேன் பாராட்டித் தட்டிக்கொடுக்கிறாரோ என்று பார்த்தேன். அவர் யாரையும் பாராட்டியதை நான் கேட்டதில்லை. சம்பளமா என்றால், எல்லா இடத்திலும் அதே சம்பளம்தான். உதவியாளர் அம்மாவிடம், "மலைக்காத்துதான் காரணமோ?" என்று ஒருநாள் கேட்டேன். அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "காத்துன்னா மலையில இருக்கற எல்லா ஆபீஸுலயும் சிரிப்புச் சத்தம் கேக்கோணுமேங்க" என்றார்.

பிறகு ஒருநாள் வண்டியில் போகும்போது மலைக்காரரிடம் நேராகவே கேட்டேன். "நீங்களும் அவரும் நாள் முழுக்கச் சண்டை போடறீங்க. ஆனா வேலைன்னா ஜோடியாத்தான் போறீங்க. அவ்வளவு பிடிக்குமா அவரை?"

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அவனை எனக்குப் புடிக்காதுங்க. எதுக்கெடுத்தாலும் பேச்சு, வாயே மூட மாட்டான். ஆனா நான் மேல ஏறும்போது அவன் கீழ நின்னா எனக்குப் பயமில்லைங்க."

இதில் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. ஆனால் என்ன என்று அப்போது பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்தவரையில் நம்பிக்கை என்பது பிடித்துப்போவதற்குப் பிறகு வருவது.

பிடிபட்டது அந்த ஐப்பசி மழையில்தான். வாழவந்தி நாட்டில் ஒரு குக்கிராமத்துக்குப் பக்கத்தில் பெரிய சில்வர் ஓக் மரம் ஒன்று சாய்ந்து உயர் அழுத்தக் கம்பியின் மேல் விழுந்தது. ஒரு கம்பி அறுந்து தொங்கியது. அதே லைனில்தான் வாசலூர்பட்டியும் இருந்தது. அங்குள்ள படகு இல்லத்தைப் பார்க்க அன்று மேலதிகாரிகள் சிலர் வந்திருந்தார்கள். காலையிலிருந்தே என் போன் அடித்துக்கொண்டிருந்தது.

வேலை முறை இதுதான். அறுந்த இடத்துக்குக் கரண்ட் வரும் வழியில் ஒரு கம்பத்தின் உச்சியில் ஸ்விட்ச் இருக்கும். கீழே இருக்கும் கைப்பிடியை இழுத்தால் மேலே மூன்று கம்பிகளையும் இணைக்கும் மூன்று கத்திகள் பிரிந்து கரண்ட் நிற்கும். பிரித்துப் பூட்டுப் போட்டுவிட்டு வந்தால்தான் மற்றவர் கம்பத்தில் ஏறலாம். சேந்தமங்கலத்துக்காரர் பைக்கில் போய் ஸ்விட்சை இழுத்துப் பூட்டிவிட்டு வந்தார். மலைக்காரர் இடுப்பில் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு, ஏணியில் ஒரு காலை வைத்துவிட்டார். சுற்றிலும் பஞ்சு அடைத்த மாதிரி பனிமூட்டம்.

அப்போது சேந்தமங்கலத்துக்காரர், "ஐயா, ஒரு நிமிஷங்க" என்றார். அந்தப் பெரிய குரல் எங்கே போனது என்று தெரியவில்லை.

"என்னப்பா?" என்றார் ஃபோர்மேன்.

"இழுத்தேன், பூட்டுனேன். மேல ரெண்டு கத்தி பிரிஞ்சது நல்லாத் தெரிஞ்சுது. மூணாவது பனிக்குள்ள இருந்துது. பார்த்தேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா பார்த்தனான்னு இப்பச் சந்தேகமா இருக்குதுங்க."

பழைய ஸ்விட்சுகளில் ஒரு கத்தி மட்டும் பிரியாமல் ஒட்டிக்கொள்வது உண்டு. ஏறுவதற்கு முன், கம்பியைத் தரையோடு இணைக்கும் எர்த் ராடை நீளக் கழியால் மாட்டிச் சோதிப்போம் என்பது உண்மைதான். ஆனாலும் அது கடைசிக் காவல். அதை நம்பி முதல் காவலை விட முடியாது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான் வந்தது. ஸ்விட்ச் இருந்த இடம் பக்கத்தில் இல்லை. அந்த மழை ரோட்டில் போய்வர நேரமாகும். என் போன் மறுபடியும் அடித்தது.

நான் கவனித்தது இதைத்தான். ஃபோர்மேன் ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை. "எறங்குப்பா" என்று மலைக்காரரைப் பார்த்துச் சொன்னார். அவரும் பெருமூச்சு விடாமல், முகத்தைச் சுளிக்காமல் காலைக் கீழே வைத்தார். பெல்ட்டை அவிழ்த்தார், மரத்தை விட்டுத் தள்ளியிருந்த பாறையில் போய் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். "போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கறேன்" என்றார். அவ்வளவுதான்.

போனை எடுத்தேன். மேலதிகாரி கேட்டார். "இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"ஸ்விட்சை இன்னொரு தடவை பார்க்கப் போறோம் சார்."

"ஏன், முதல் தடவை போனவன் பார்க்கலையா?"

மூன்று பேரும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. "பார்த்தாச்சு சார். நான்தான் இன்னொரு தடவை பார்க்கச் சொன்னேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று அந்த நிமிடம் எனக்கே தெரியாது. எதிர்முனையில் கொஞ்ச நேரம் திட்டு விழுந்தது. கேட்டுக்கொண்டேன். பிறகு சேந்தமங்கலத்துக்காரரின் பைக்கில் நானே பின்னால் ஏறிக்கொண்டேன்.

ஸ்விட்ச் கம்பத்தின் கீழே போய் நின்றோம். மேலே ஒன்றும் தெரியவில்லை. இருவரும் தலையை அண்ணாந்து காத்திருந்தோம். காற்று அடித்துப் பனி ஒரு பக்கமாக விலகியபோது மூன்று கத்திகளும் தெரிந்தன. மூன்றும் பிரிந்துதான் இருந்தன. முதலிலேயே எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது.

"மன்னிச்சுக்குங்க மேடம். வீணா அலைய வெச்சுட்டேன்" என்றார் அவர்.

எனக்குக் கோபமில்லை, வேறு யோசனை. திரும்பிப் போனதும் மற்ற இருவரும் என்ன செய்யப்போகிறார்கள் என்று பார்க்க ஆவலாக இருந்தது. சந்தேகம் உண்மையாகியிருந்தால் பாராட்டுவது எவருக்கும் சுலபம். வீண் சந்தேகத்துக்கு என்ன கிடைக்கும்? என் பழைய அலுவலகமாக இருந்தால் அவருக்கு அன்றோடு ஒரு பட்டப்பெயர் விழுந்திருக்கும், ஓய்வு பெறும்வரை கூடவே வந்திருக்கும்.

திரும்பி வந்து, "மூணும் பிரிஞ்சுதான் இருக்கு" என்றேன்.

"நல்லதுங்க" என்றார் ஃபோர்மேன். மலைக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுந்து பெல்ட்டைக் கட்டினார். "இப்பத்தான் காலு லேசா இருக்குது" என்று சொல்லிக்கொண்டே, எர்த் ராடு மாட்டிச் சோதித்துவிட்டு ஏணியில் ஏறினார். முழுக்கதையும் அங்கேயே முடிந்துவிட்டது. அன்றும் சரி, பிறகும் சரி, அதை யாரும் எடுத்துப் பேசவில்லை.

சண்டை வந்ததெல்லாம் வேறு விஷயத்துக்கு. விழுந்த மரத்தில் மிளகுக்கொடி அடர்த்தியாகப் படர்ந்திருந்தது. கம்பியிலிருந்து மரத்தை விடுவிக்க வெட்ட வேண்டும். மேலே கம்பியைத் தளர்த்திவிட்டுக் கீழே இறங்கிய மலைக்காரர் அரிவாளை வைத்துவிட்டுக் கொடியை விரலால் மெதுவாகப் பிரிக்க ஆரம்பித்தார்.

"யோவ், மரத்தை வெட்டச் சொன்னா கொடிக்குச் சடை பின்னிட்டு இருக்கற?" என்று சேந்தமங்கலத்துக்காரரின் குரல் பழையபடி எழும்பியது.

"உனக்கென்னய்யா தெரியும்? காய் புடிக்க எத்தன வருசமாவும்னு உங்க ஊர்ல கேட்டுட்டு வா."

"அங்க படகு இல்லத்துல இருட்டுல உக்காந்திருக்காங்க."

"பகல்ல என்னய்யா இருட்டு?"

மரத்துக்குச் சொந்தக்காரர் ஓடிவந்தார். வெட்டப்போகிறார்கள் என்று சண்டைக்கு வந்தவர், இந்தச் சண்டையைப் பார்த்து எந்தப் பக்கம் பேசுவது என்று தெரியாமல் நின்றார். பிறகு அவரும் உட்கார்ந்து கொடியைப் பிரித்தார். கடைசியில் சேந்தமங்கலத்துக்காரரும் உட்கார்ந்தார். திட்டிக்கொண்டேதான் பிரித்தார்.

மறுநாள் மலைக்காரர் என் மேசைக்கு வந்து, ஒரு புதுக் கம்பம் நட நான் குறித்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "மேடம், நீங்க சொல்றது சரியா வராதுங்க, மழைத்தண்ணி அந்த வழியாத்தான் எறங்கும்" என்றார். அதுவரை அவர் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. என் யோசனைகளுக்கெல்லாம் "சரிங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். கேக்குக்குக்கூட முதலில் சரிங்க என்றுதான் சொன்னார். நான் விடாமல் வாதாடினேன். அவரும் விடவில்லை. இருவரும் போய்ப் பார்த்தோம். கம்பத்தை வேறு இடத்தில், அவர் சொன்னதும் நான் சொன்னதும் இல்லாத மூன்றாவது இடத்தில் நட்டோம். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது.

உதவியாளர் அம்மாவிடம் மரம் விழுந்த நாளைப் பற்றிச் சொல்லி, "இது எப்படி வந்தது இவங்களுக்கு?" என்று கேட்டேன்.

அவர் சொன்னார். "முன்னெல்லாம் இப்படி இல்லீங்க மேடம். ஃபோர்மேன் அண்ணன் பயங்கரமாத் திட்டுவாரு. தாமதமானா போச்சு, ரோட்டுல வெச்சே திட்டுவாரு. ஒருநா சேந்தமங்கலத்து அண்ணன் ஸ்விட்ச மாத்தி இழுத்துட்டு வந்துட்டாரு. வரும்போதே அவருக்குச் சந்தேகமுங்க. முந்தின நாளுதான் செமத்தியாத் திட்டு வாங்கியிருந்தாரு, அதனால வாயத் தொறக்கல. இவங்க ராடு வெச்சாங்க பாருங்க, பளீர்னு அடிச்சுது. ராடு வெக்காம ஏறியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும்."

"அப்புறம்?"

"ஃபோர்மேன் அண்ணன் அன்னைக்குத் திட்டவே இல்லீங்க. ஏம்ப்பா சொல்லலைன்னு மட்டும் கேட்டாரு. சொன்னாத் திட்டுவீங்கன்னு இவரு சொல்லிட்டாரு. அதுக்கப்பறம் ஃபோர்மேன் அண்ணன் ஆபீஸ் படியில உக்காந்தவரு சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல. மறுநா வந்து, இனிமே யாரு சந்தேகம்னு சொன்னாலும் நான் ஒரு வார்த்த பேச மாட்டேன்னாரு. நாங்க நம்பல. ஆனா சொன்னதக் காப்பாத்திட்டாருங்க. கஷ்டப்பட்டுத்தான். சில நேரம் பாருங்க, பல்லக் கடிச்சுட்டு நிப்பாரு."

ஃபோர்மேன் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு நிற்பது அதற்காகத்தானோ என்று எனக்குத் தோன்றியது. ஃபோர்மேனிடமே கேட்டேன். அவர் மழுப்பினார். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லைங்க. மலைக்கு ஆளு கெடைக்கறதே கஷ்டம். இருக்கறவங்களையும் விட்டுட்டா யாரை வெச்சு வேலை பார்க்கறதுங்க?" அந்தப் பதிலிலும் உண்மை இல்லாமல் இல்லை.

அடுத்த வருடம் சேந்தமங்கலத்துக்காரருக்குப் பதவி உயர்வு வந்தது. கீழே போய்விட்டார். அவருக்குப் பதிலாகப் பவானிப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். அவ்வளவு நல்ல மனிதரை நான் பார்த்ததில்லை. மெல்லப் பேசுவார், ஊருக்குப் போய் வரும்போதெல்லாம் எல்லோருக்கும் முறுக்கு கொண்டுவருவார், சொன்ன வேலையை உடனே செய்வார். எல்லோருக்கும் அவரைப் பிடித்தது. ஆனால் அலுவலகம் அமைதியாகிவிட்டது. காலையில் சண்டைச் சத்தம் இல்லை. வேலை மெதுவானது. ஏன் என்று பார்த்தால், மலைக்காரர் ஒவ்வொரு தடவையும் தானே போய் ஸ்விட்சைப் பார்த்துவிட்டு வந்துதான் ஏறினார். ஒரு ஆளின் வேலையை இரண்டு ஆட்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

"அவர்தான் பார்த்துட்டு வந்துட்டாரே?" என்று கேட்டேன்.

"நல்ல மனுசனுங்க, குத்தஞ் சொல்ல முடியாது" என்றார் மலைக்காரர். "ஆனா எதக் கேட்டாலும் சரிங்கறாரு. சரியில்லைன்னா சொல்லுவாரான்னு எனக்கு எப்படித் தெரியுமுங்க?"

நான் புதியவரைக் கூப்பிட்டு, சந்தேகம் வந்தால் தாராளமாகச் சொல்லுங்கள், இங்கே யாரும் திட்ட மாட்டார்கள் என்றேன். "சரிங்க மேடம்" என்றார். அந்தச் சரிங்கவைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது, இதனால் ஒரு பயனும் இல்லை என்று. அவர் முன்பு வேலை செய்த இடத்திலும் யாராவது இதே மாதிரிச் சொல்லியிருப்பார்கள்.

பிறகு ஒரு மாற்றம் வந்தது. மலைக்காரர் முறையை மாற்றிப் புதியவரைக் கம்பத்தில் ஏறச் சொல்லிவிட்டுத் தான் கீழே நிற்க ஆரம்பித்தார். ஒருநாள் புதியவர் பாதி ஏணியில் இருக்கும்போது, "ஏனுங்க, சித்த எறங்குங்க. ஃபியூஸைப் புடுங்கி வெச்சனா இல்லையான்னு ஒரு சந்தேகம்" என்றார். புதியவர் இறங்கினார். மலைக்காரர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "புடுங்கித்தான் இருக்குது. ஏறுங்க" என்றார். ஃபோர்மேன் கன்னத்தில் கைவைத்தபடி காத்திருந்தார். அடுத்த வாரம் இன்னொரு இடத்தில் பூட்டு போட்டேனா என்று ஒரு சந்தேகம். அதுவும் சரியாகத்தான் இருந்தது. கை வேலையில் இவ்வளவு சுத்தமான மனிதருக்கு மறதி வந்துவிட்டதோ என்று எனக்குக் கவலையாகிவிட்டது. தனியாகக் கேட்டேன்.

"உடம்பு சரியில்லையா? அடிக்கடி சந்தேகம் வருதே உங்களுக்கு."

அவர் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எனக்கு ஒரு சந்தேகமும் இல்லீங்க மேடம். சந்தேகப்பட்டா இங்க என்ன ஆவுதுன்னு அவரு பார்க்கட்டும்னுதான்."

நான் உட்கார வைத்துச் சொன்ன அறிவுரையை அவர் ஏணியும் பூட்டுமாகச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். கூடவே ஃபோர்மேனையும் நான் அன்று வேறு மாதிரிப் பார்த்தேன். இந்தச் சந்தேகங்கள் பொய் என்று அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. தெரிந்தே நேரத்தைக் கொடுத்திருக்கிறார்.

மாசி மாதத்தில் ஒரு நாள் காலை. வீடுகளுக்கு நடுவே போகும் தாழ்வழுத்த லைனில் கம்பியைத் தாங்கும் பீங்கான் இன்சுலேட்டர் ஒன்று உடைந்திருந்தது. மலைக்காரர் ஏணியில் காலை வைத்தார். புதியவர் கீழே நின்றார். "ஏனுங்க" என்று ஒரு குரல் கேட்டது. முதலில் தெருவில் போகிற யாரோ என்று நினைத்தேன். புதியவர்தான்.

"ஒரு நிமிசமுங்க. அந்தக் கடையில புதுசா ஜெனரேட்டர் வெச்சிருக்காங்க. வரும்போது பார்த்தேன். கரண்ட் போனதும் அதைப் போட்டாங்கன்னா, அந்தக் கரண்டு நம்ம லைனுக்குள்ள திரும்பி வந்துருமோன்னு..." அவர் முடிக்கவில்லை. காது சிவந்துவிட்டது.

"எறங்குப்பா" என்றார் ஃபோர்மேன்.

கடைக்குப் போய்ப் பார்த்தோம். ஜெனரேட்டர் தனி வயரில்தான் இருந்தது. லைனோடு சம்பந்தமே இல்லை. கடைக்காரர் அதை இன்னும் ஒருதடவைகூட ஓட்டவில்லை, டீசலே ஊற்றவில்லை. புதியவர் தரையைப் பார்த்துக்கொண்டு திரும்பி நடந்தார். மலைக்காரர் பெல்ட்டை இறுக்கிக்கொண்டே, "நல்லதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார். அன்று ஃபியூஸைப் பார்க்க அவர் வேறு யாரையும் அனுப்பவில்லை. தானும் போய்ப் பார்க்கவில்லை.

வேலை முடிகிற நேரத்தில் மலைக்காரர் மேலேயிருந்து, இரண்டு கம்பிகளை இணைக்கும் ஜம்பர் கம்பியை இப்படிக் கட்டலாமா என்று கேட்டார். புதியவர் கீழேயிருந்து, "இல்லீங்க, அது தப்புங்க. காத்தடிச்சா உரசும்" என்றார்.

"உரசாதுய்யா."

"உரசுமுங்க. எங்க பக்கம் பார்த்திருக்கேன்."

"உங்க பக்கம் காத்து வேற, எங்க பக்கம் காத்து வேறய்யா."

"காத்துல என்னங்க எங்க பக்கம் உங்க பக்கம்?"

தெருவில் இரண்டு மூன்று பேர் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஃபோர்மேன் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார். மலைக்காரர் திட்டிக்கொண்டே அவிழ்த்து வேறு மாதிரிக் கட்டினார். அவர் இறங்கியதும் ஏணியை எடுத்துவிட்டு, ஃபியூஸைப் போட்டோம். எதிர்வீட்டில் கரண்ட் போகும்போது நிறுத்தாமல் விட்டிருந்த மிக்ஸி தானாக அலற ஆரம்பித்தது. அந்த வீட்டு அம்மா கையில் முறத்தோடு உள்ளே ஓடினார். மூடி போடவில்லைபோலிருக்கிறது. ஜன்னல் வழியாகப் பச்சைச் சட்னி தெறித்தது. நாங்கள் நாலு பேரும் வண்டிக்குப் போகும்வரை அடக்கிக்கொண்டு வந்து, வண்டியில் ஏறியபிறகுதான் சிரித்தோம்.